கொல்லாமல் விட்ட நொதி

எங்கள் தொழிற்சாலையில் எனக்குப் பெயர் 'நம்பர்'. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் தேடிக்கொண்டது நான்தான். புது ஜீன்ஸைத் துவைத்துத் துவைத்துப் பழசாகக் காட்டுவது எங்கள் தொழில். அதற்கு இத்தனை மெஷின்கள், இத்தனை ஆட்கள், சோதனை அறையில் நான் ஒருத்தி. மற்றவர்கள் நொதி, அதாவது என்சைம் கேன்களை மூடியின் நிறம் பார்த்து எடுப்பார்கள். நான் மட்டும் நொதியின் வகுப்பு எண்ணைச் சொல்லிக் கேட்பேன்.

உலகத்தில் உள்ள நொதிகளையெல்லாம் ஏழு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்பதல்ல கணக்கு, என்ன வேலை செய்கிறது என்பதுதான். எலக்ட்ரானைக் கைமாற்றிவிடுவது முதல் வகுப்பு. ஒன்றில் இருக்கும் துண்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது இரண்டாவது. தண்ணீரைச் சேர்த்து வெட்டுவது மூன்றாவது. தண்ணீர் இல்லாமல் பிளப்பது, உள்ளேயே இடம் மாற்றி அடுக்குவது, ஒட்டுவது, சவ்வைத் தாண்டிக் கடத்துவது என்று மீதி நான்கு. அந்த நான்குக்கும் எங்கள் அலமாரியில் வேலை இல்லை. பெராக்சைடை முறிப்பது முதல் வகுப்பு. துணியின் கஞ்சியை எடுப்பதும் பருத்தியை அரித்து வெளுத்தது போலக் காட்டுவதும் மூன்றாம் வகுப்பு. கஞ்சிக்காரன் பருத்தியைத் தொட மாட்டான், பருத்திக்காரன் கஞ்சியைத் திரும்பியும் பார்க்க மாட்டான். அவ்வளவு ரோஷம்.

சலவைப் பிரிவின் மாஸ்டர் என் அக்காவின் கணவர். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். பிளீச்சிங் பவுடரோடு இருபது வருஷம் மல்லுக்கட்டியவர். போன மாதம் ஒரு லோடு கிழிந்துபோனதில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார், இன்னொரு லோடு கெட்டால் மாஸ்டர் வீட்டுக்குப் போகலாம் என்று. அக்காவுக்கு இது தெரியாது. தெரிந்த நான் அன்றிலிருந்து ஒவ்வொரு லோடையும் பயந்து பயந்துதான் சோதித்தேன்.

அன்று காலை நானூறு பேண்டுகள் சலவை முடிந்து பிழிந்து வந்தன. உலர்த்தும் மெஷின் மக்கர் பண்ணியதால் ஈரத்தோடு தள்ளுவண்டிகளில் கிடந்தன. மதியம் ஒரு துண்டை வெட்டி இழுவை மெஷினில் மாட்டினேன். ஐம்பத்திரண்டு கிலோவில் கிழிந்தது. நாற்பதுக்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான். சாயங்காலம் சும்மா இருக்கப் பிடிக்காமல் அதே பேண்டில் இன்னொரு துண்டை வெட்டி மாட்டினேன். நாற்பத்து நான்கு.

நேராக மாமாவிடம் போனேன்.

"மாமா, கடைசி வெந்நீர் போட்டீங்களா?"

"காலையில ஸ்டீம் எங்கம்மா இருந்துச்சு? மத்தியானந்தான் வந்துச்சு. பச்சத் தண்ணியில நல்லா அலசிட்டேன். நானூறு பேண்டத் தின்னப்புறம் அதுக்கு இன்னுமா பசிக்கும்?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏன், ரிசல்ட் எப்படி?"

பிளீச் அப்படித்தான், வேலை செய்யச் செய்யத் தீர்ந்துபோகும். நொதி தீராது. வினையை வேகமாக்குமே தவிர, தான் செலவாகாது. கல்யாணத் தரகர் ஜோடி சேர்த்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவாரே, அந்த மாதிரி. எங்களுடையது பிரித்துவைக்கும் தரகர். பருத்தி நூலின் சங்கிலியைத் தன் பள்ளத்தில் பொருத்தி, தண்ணீரைச் சேர்த்து அறுக்கும். விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கும். எண்பது டிகிரி வெந்நீரும் சலவைச் சோடாவும் பத்து நிமிஷம் பட்டால்தான் அதன் உருவம் குலைந்து வேலை நிற்கும். அதைத்தான் 'கொல்றது' என்போம், அதற்கு உயிரே கிடையாது என்றாலும். கொல்லாவிட்டால் ஈரம் இருக்கும்வரை அறுத்துக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் தெரிந்தவள் நான். மறுபடி வெந்நீரில் போட வேண்டுமென்றால் மேனேஜர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக் கேட்டால் மாமா கதை முடிந்தது என்று நினைத்தேன். மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். துணி காய்ந்தால் எல்லாம் நின்றுவிடும்.

"பாஸ் மாமா," என்றேன்.

மெக்கானிக் மறுநாள் காலையில்தான் வந்தார். அதற்குள் மாமா ஒரு பேண்டைத் தூக்கி உதறியிருந்தார். தொடைப் பக்கம் அப்பளம் போல விட்டுப்போனது. மெஷினில் மாட்டினேன். முப்பத்தொன்று. எந்த வண்டியில் எடுத்தாலும் அதேதான்.

மேனேஜர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நேத்தே சொல்லியிருந்தா திரும்ப வெந்நீர்ல போட்டிருக்கலாமே. ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேன். இப்ப நான் என்ன பண்ணட்டும் மாஸ்டர்?"

மாமா என்னைக் கை காட்டினார். "இவ மேல தப்பில்ல சார். சாயங்காலம் இவ பாக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு."



அன்று மதியமே மாமா ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வேலை முடிந்து நான் போனபோது அக்கா அழுது முடித்திருந்தாள். எனக்கும் தட்டு வைத்தாள்.

"நீதானடி அங்க டெஸ்ட் பண்றவ? உனக்குமா தெரியாமப் போச்சு?"

"அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாமா. "மெஷின் காட்டினாத்தானே அவ சொல்லுவா. அவளப் போட்டுப் பிடுங்காத."

என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"நாப்பத்தி நாலு காட்டுச்சு மாமா," என்றேன். "சாயங்காலமே. மதியம் அம்பத்திரண்டு."

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அந்த எண்கள் புரியவில்லை. மாமா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.