ஒரே வாய்க்குள் நுழைய வேண்டியது

விருந்துக் கூடத்தை எட்டிப் பார்த்தேன். ஊர்ப்பட்ட கூட்டம், ஒருவர்கூட உட்காரவில்லை. பந்தி மேஜையெல்லாம் பக்கத்து அறையில். இங்கே ஆளுக்கொரு கையில் பழச்சாறு கிளாஸ். நான் சமைத்து வைத்திருப்பதோ, குழம்பில் மிதக்கும் காளான். கிண்ணம் கிண்ணமாக, ஸ்பூனோடு.

"கம்பெனி மேடம் போன்ல என்னதான் கேட்டாங்க?" என்றேன் நாத்தனாரிடம். ஆர்டர் எடுப்பது அவள் பொறுப்பு.

"ஓர்டர்வ். அதுதானே அண்ணி ஸ்டார்ட்டர்? ரெண்டும் சாப்பாட்டுக்கு முன்னாடி வர்றதுதானே!"

தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்டார்ட்டர் என்பது பந்தியில் உட்கார்ந்த பிறகு முதலில் வருவது. தட்டும் ஸ்பூனும் உண்டு. ஓர்டர்வ் பந்திக்கும் முன்னால், நின்று பேசிக்கொண்டே கையால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வது. பெயர்தான் வாயில் நுழையாது. பண்டம் ஒரே வாய்க்குள் நுழைந்தாக வேண்டும்.

இருந்த கேண்டீன் வேலையை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் தொடங்கிய சமையல் தொழிலுக்கு இதுதான் முதல் பெரிய விருந்து. இந்தக் கம்பெனியின் விருந்துகள் இனி எங்களுக்கா இல்லையா என்பது இன்று தெரிந்துவிடும். சொதப்பினால் பழைய கேண்டீனுக்கே போய் நிற்க வேண்டியதுதான். அந்த மேனேஜரின் நக்கல் சிரிப்பை நினைத்ததுமே எனக்கு வெறி வந்துவிட்டது.

"வடிகட்டியை எடுடி!"

கிண்ணங்களைக் கவிழ்த்துக் காளானை வடித்தோம். குழம்பைக் கெட்டி விழுதாகச் சுண்டவைத்தேன். கூடுதலாக வாங்கிய ரொட்டியை அவள் வெட்டி, வெண்ணெயில் மொறுமொறுவென்று சுட்டாள்.

"சின்னதா வெட்டு! உன் வாயை வச்சு அளவு பார்க்காதே!"

அந்த அமளியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் தொற்றிக்கொண்டது. ரொட்டி மேல் விழுது, விழுது மேல் காளான், ஒரு சிட்டிகை மிளகுத்தூள்.

முதல் தட்டு போனது. துடைத்துவிட்டது போலக் காலியாகத் திரும்பி வந்தது. கதவிடுக்கில் பார்த்தேன். கிளாஸைக் கீழே வைக்காமல், பேச்சையும் நிறுத்தாமல், லபக் லபக்கென்று உள்ளே தள்ளுகிறார்கள்! சந்தோஷம் தாங்காமல் அடுப்படியிலேயே ஒரு குதி குதித்தேன்.

மேடம் சமையலறைக்கே வந்துவிட்டார். "நல்லா இருந்துச்சு. அடுத்த மாசம் இன்னொரு விருந்து இருக்கு. முதல்ல என்ன குடுப்பீங்க?"

காளான் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். "மேடம், அப்ப அவங்க நிப்பாங்களா, உக்காந்திருப்பாங்களா?"

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். 

"போன தடவை சமைச்சவர் இதைக் கேக்கவே இல்ல. எங்க முதலாளி சட்டை பூரா சூப்பு," என்றார். "இனிமே எல்லா விருந்தும் உங்களுக்குத்தான்."