மொய்னோக்குக்கு ஒரு மடக்கு

கம்பளிச் சுவரின் அடி ஓரத்தைத் தூக்கி, அந்தச் சந்து வழியே பூருல் வலது கையை வெளியே நுழைத்தாள். நாயின் மூக்கு விரல்களில் பட்டது. பழைய ரொட்டி போலக் காய்ந்திருந்தது.

கூடாரத்துக்குள், திரைக்கு அந்தப் பக்கம், அவள் கணவன் எசென்குல் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தான். நேற்று விடியலில் போனவன். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மகன் வந்தாயிற்று. மதியத் தொழுகை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அதுவரை பெண்டாட்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும், வாசலைத் தாண்டக் கூடாது. நாயோ வாசலுக்குள் வரக் கூடாது. நல்ல வேளையாக, கோடைக் காற்றுக்காகச் சுருட்டிவிடும் இந்தக் கம்பளிக்கு அடியில் எந்தச் சட்டமும் இல்லை.

எசென்குல் படுக்கையில் விழுந்ததும் வேட்டைநாய் மொய்னோக்கும் சுவருக்கு வெளியே படுத்துவிட்டது. கழிச்சல் வேறு. நேற்றிலிருந்து சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை.

வெளியிலிருந்து பக்கத்துக் கூடாரத்து மாம்பெத்தின் குரல் வந்தது.

"தங்கச்சி, கிண்ணத்த மோந்துகூடப் பாக்கலம்மா. கழுத்துத் தோல இழுத்துவிட்டா அப்படியே நிக்குது. பொழுது சாயறதுக்குள்ள குடிக்கலன்னா அவ்வளவுதான்."

"உப்புப் போட்டு நீர்மோர் வச்சுப் பாத்தீங்களாண்ணே?"

"வச்சேனே. மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. எஜமானன் மாதிரியேதான், சொன்ன பேச்சு கேக்காது."

எசென்குலின் அக்கா பாத்மா விலாவில் இடித்தாள். "ஏண்டி, புருஷன் பொணமாக் கெடக்கான், நீ நாய்க்கு நலம் விசாரிக்கிறியா? ஊரே சிரிக்கப் போகுது. துக்கத்துக்கு வந்த ஆளுங்க குதிரைய விட்டு எறங்கியாச்சு. பாடு!"

வெளியே ஆண்கள் ஓவென்று கதறிக்கொண்டே வந்தார்கள். பூருலுக்குப் பாட்டு வரவில்லை. கடைசியில் எசென்குலும் தண்ணீர் வாங்கவில்லை. கரண்டியால் ஊட்டியதெல்லாம் தாடியில் வழிந்தது. அவனைக் குடிக்க வைக்க முடியவில்லையே என்பது அவளுக்கு ஆறவே இல்லை. இதையாவது விடக் கூடாது.

கையை உள்ளே இழுத்து, பாத்மாவுக்குப் பக்கத்திலிருந்த கிண்ணத்திலிருந்து உள்ளங்கைக் குழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கம்பளிக்கு அடியில் மறுபடி நீட்டினாள். அப்போதுதான் குரல் எழுந்தது.

"குடிச்சிரு என் ராசா, ஒரு மடக்கு குடிச்சிரு,
ரெண்டு பேரும் சேந்து போனா
விடிஞ்சதும் யாரு மூஞ்சில நான் முழிப்பேன்!"

நாய்க்குத்தான் பாடினாள். பாதியில் யாருக்கென்று அவளுக்கே தெரியாமல் போயிற்று. பின்னால் பெண்கள் உடைந்து அழுதார்கள். "எப்படிப் பாடறா பாரு, பாவி மக," என்றாள் ஒருத்தி. பாத்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மதியத் தொழுகை முடிந்து, திரை விலகியது. எசென்குலைத் தூக்கினார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. வாசல் வரை குரல்தான் கூடப் போகும். சரியாக அவர்கள் வாசலில் கால் வைத்தபோது பூருலின் பாட்டு நின்றுவிட்டது.

எல்லாத் தலைகளும் திரும்பின.

"ஏண்டி நிறுத்திட்ட?" என்று பல்லைக் கடித்தாள் பாத்மா.

"குடிக்குதுக்கா."

பாத்மா திட்ட வாயெடுத்தாள். கம்பளிக்கு அடியில் அசையாமல் கிடந்த அந்தக் கையைப் பார்த்தாள். தம்பியைச் சுமந்து போகிறவர்களின் முதுகைப் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பூருலுக்கும் சேர்த்துத் தானே பெருங்குரலில் ஒப்பாரியை எடுத்தாள். பாடிக்கொண்டே, தன் பக்கத்திலிருந்த தண்ணீர்க் கிண்ணத்தை முழங்காலால் அவள் பக்கம் தள்ளினாள்.