ஸோர்க்காவின் நாக்கு

நடிப்புப் படிக்க செர்பியத் தலைநகர் பெல்கிரேடு போன ஸோர்க்காவிடம் அங்கே முதலில் பிடுங்கிக்கொண்டது அவள் நாக்கிலிருந்த ‘ஷ’வைத்தான். ‘உட்கார்’ என்பதற்கு மாண்டினீக்ரோவில் அவள் ஊரான ஸெத்தீனியேயில் ‘ஷெதி’ என்பார்கள். அவள் அப்படிச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. படிப்பு முடிவதற்குள் பிசிறில்லாமல் ‘ஸெதி’ என்று சொல்லப் பழகிவிட்டாள். நல்ல வேஷங்களும் கிடைத்தன.

பிறகு மாண்டினீக்ரோ செர்பியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. பேசுகிற மொழிக்கும் நாட்டின் பேரையே வைத்து, அந்த ‘ஷ’வுக்கென்று புதிதாக ஓர் எழுத்தும் கொடுத்தார்கள். ஊர் அரங்கில் புது நாடகம். போரிலிருந்து திரும்பிய மகனிடம் தாய் சொல்வது ‘ஷெதி’ என்ற அந்த ஒரு சொல்தான். தாய் வேஷம் ஊர் திரும்பியிருந்த ஸோர்க்காவுக்கு.

“செய்தி வாசிக்கிற மாதிரி சொல்றியே. பெத்தவ சொல்ற மாதிரி இல்லையே,” என்று இயக்குநர் ஒப்ராத் நொந்துகொண்டார்.

அவள் கணவன் ராதொயே பல் வைத்தியன். அவன் வாயைத் திறந்தாலே அந்த ‘ஷ’ வழியும். ஆனால் தான் பேசுவது செர்பிய மொழி என்பதில் மட்டும் அவன் இம்மி இறங்கமாட்டான்.

“எனக்கு அதைச் சொல்லிக் கொடேன்,” என்று மதியச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

“மாண்டினீக்ரோ மொழியா? எனக்கேது அதெல்லாம். நான் பேசறது செர்பியன்.”

“சரி, அதையே பேசு. நான் உன் வாயைப் பாத்துக்கறேன்.”

“ஊர் வாயெல்லாம் நான் பாக்கறேன், என் வாயைப் பாக்க நீ வந்துட்டியா,” என்று முனகியபடி, நாக்கைக் கீழ்ப்பல்லில் ஒட்டிக் காட்டினான். அவளுக்குப் பாம்பு சீறுவதுபோல் வந்தது. அவன் சிரித்துவிட்டான். அவளுக்குச் சுருக்கென்றது.

“நானும் இதே செர்பியன்தானே பேசினேன்? பெல்கிரேடுல அப்ப ஏன் சிரிச்சாங்க?”

“ஒரு மொழின்னா நாலு விதமா பேசுவாங்க. அதுக்காகப் பேரையா மாத்துவாங்க?” என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தான்.

“ஷெதி,” என்றாள், சூப் கரண்டியை நீட்டி.

உட்கார்ந்துவிட்டான். பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

“திரும்பச் சொல்லு.”

“இப்ப வராது.”

“அப்போ திரும்ப எழுந்திரிக்கறேன்.”

அதன்பிறகு சாப்பாட்டு வேளைதோறும் அவன் நடுவில் கோபித்துக்கொண்டு எழுவான். அவள் அதட்டி உட்காரவைப்பாள். நாளாக ஆக அதட்டல் குறைந்தது, சொல் கனிந்தது.

அரங்கேற்றத்தன்று அழுக்குச் சட்டையோடு வாசலில் நின்ற மகனைப் பார்த்து, நாற்காலியைத் துடைத்துவிட்டு, “ஷெதி,” என்றாள் ஸோர்க்கா. மூன்றாம் வரிசையில் ராதொயே கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நாடகம் முடிந்து உணவு விடுதியில் உட்கார்ந்தபோது ஒப்ராத் அவன் தோளைத் தட்டினார். “நம்ம மொழி எப்படி இருந்துச்சு?”

“அருமையான செர்பியன்,” என்றான் ராதொயே.

ஒப்ராத் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சண்டைக்குத் தயாரானார். காலையிலிருந்து பட்டினி கிடந்த ஸோர்க்கா, புகையில் வாட்டிய பன்றிக்கறித் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.