சரியாக உட்காராத கேப்

தங்கை சொந்தமாகப் பல் மருத்துவமனை திறந்தபோது முதல் ஆளாக நாற்காலியில் போய்ச் சாய்ந்தவள் அக்காதான். அக்கா பஸ் டிரைவர். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லின் மேல் தங்கை கேப் என்ற உறையைப் போட்டுவிட்டாள். அதன் பிறகு டிப்போவில் யார் பல்வலி என்று சொன்னாலும், "என் தங்கச்சிகிட்ட போங்க" என்று பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள்.

ஆனால் வாயை மூடினால் அந்தப் பல்தான் முதலில் இடித்தது. தாடை வலித்தது, மாலையானால் தலை விண்விண்ணென்று தெறித்தது. சாப்பிடுவதெல்லாம் கேப்பின் ஓரத்தில் போய் மாட்டி, ஈறு வீங்கியது. தங்கையிடம் அவள் மூச்சு விடவில்லை. இப்போதுதான் நாலு பேர் வர ஆரம்பித்திருக்கிறார்கள். சொந்த அக்காவே குறை சொன்னால் அவள் பேர் என்னாவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து சாப்பிட்டபோது தங்கை கவனித்துவிட்டாள்.

"ஏன்க்கா ஒரு பக்கமாவே மெல்ற?"

"பழக்கம்டி."

"என்கிட்டயேவா? நாளைக்குக் காலைல வந்து நிக்கிற."

மறுநாள் தங்கை மை தடவிய ஒரு நீலக் காகிதத்தைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னாள். கேப்பின் மேல் மட்டும் மை அப்பியது. கூரான கம்பியை ஓரத்தில் ஓட்டினாள். அது இடைவெளியில் சிக்கி நின்றது. அவள் முகம் சுண்டிப்போனது.

"உயரமா இருக்கு. ஓரமும் சேரல. தப்பு என்னோடதுதான்க்கா."

"மெதுவாப் பேசுடி! வெளிய எங்க கண்டக்டர் உக்காந்திருக்காரு. நான்தான் அனுப்பினேன்."

"கேக்கட்டும். தேய்ச்சு ஒப்பேத்த மாட்டேன். அறுத்து எடுத்துட்டுப் புதுசா போடறேன்."

எடுத்துப் பார்த்தால் உள்ளே சொத்தை தொடங்கியிருந்தது. தங்கை அதைச் சுத்தம் செய்து, மறுபடி அளவெடுத்து, தற்காலிகக் கேப் வைத்தாள்.

அக்கா ஊசியில் மரத்துப்போன உதட்டோடு வெளியே வந்தாள். கண்டக்டர் ஓடியிருப்பார் என்று நினைத்தாள். அவரோ எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"டாக்டர், நான் வேற இடத்துல போட்ட கேப்பும் இடிக்குது. அந்த நீலக் காகிதத்தை எனக்கும் வச்சுப் பாருங்க."

அக்காவுக்கு நெஞ்சு நிறைந்தது. சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒரு பக்கம்தான் போனது.

லேபிலிருந்து வந்த புதுக் கேப்பும் மயிரிழை தூக்கலாக இருந்ததால் தங்கை அதை ஒட்டாமல் திருப்பி அனுப்பினாள். அடுத்து வந்ததுதான் கச்சிதமாக உட்கார்ந்தது.

"நெஜமா சொல்லு. இடிக்குதா?"

அக்கா நன்றாகக் கடித்துப் பார்த்தாள். "இல்ல, டாக்டரம்மா."

அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தங்கையின் முகம் காது வரை சிவந்தது.

"போக்கா, அடுத்தவங்க காத்திருக்காங்க."