மேஸ்திரியின் வலது தோள்

தொட்டி விளிம்பில் தலையைச் சாய்த்து, மல்லாந்து மிதந்தபடி, மேஸ்திரி தண்ணீருக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். கையில் நாலு இஞ்ச் பிரஷ். இடுப்பிலிருந்து காதுவரை ஒரு வீச்சு, மறுபடி கீழே. பிரஷ் இல்லாமல் சும்மா கையை ஆட்டுவது அவளுக்கு வெட்டிவேலையாகத் தோன்றியது.

நாலு மாதமாக வலது தோள் இறுகிக் கிடந்தது. தலை சீவக்கூட இடது கைதான். வேலைக்குப் போன வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய சுடுநீர்த் தொட்டியை வண்டியில் ஏற்றிவந்து, பின்பக்கத் தாழ்வாரத்தில் இறக்கியபோது தெருவே வேடிக்கை பார்த்துச் சிரித்தது. பஸ் ஓட்டும் புருஷன்தான் அதிகம் சிரித்தான். மறுநாள் இடுப்பு வலிக்கென்று இறங்கியவன், ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து தொட்டியில் இறங்க இருவருக்கும் முறை.

சூடு தசையை இளக்கும், தண்ணீர் பாரத்தை வாங்கிக்கொள்ளும் என்று பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லியிருந்தாள். கூடவே ஒரு குட்டும் வைத்தாள்: "உள்ள இருக்கும்போது கையைத் தூக்கறது தண்ணிதான்க்கா. வெளிய வந்ததும் அந்தச் சூட்டோட எவ்வளவு தூக்கறீங்களோ, அதுதான் உங்களோடது."

கொழுந்தன் வந்து தூணோரம் நின்றான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், அவளிடம்தான் தொழில் பார்க்கிறான்.

"அண்ணி, நாளைக்கு அரங்கத்துல கூரைக்கு பெயின்ட் அடிக்கற வேலை ஆரம்பம். நீங்க கீழ நின்னு கலரைப் பாத்துச் சொல்லுங்க, போதும். மேல நான் ஏறிக்கறேன்."

அக்கறையாகத்தான் சொன்னான். அதுதான் சுருக்கென்றது. பதினெட்டு வருஷமாகக் கூரை அவளுடையது. நாளைக்குக் கீழே நின்றால், அடுத்த வேலையில் உட்கார ஸ்டூல் போடுவார்கள். அதற்கடுத்த வேலைக்குக் கூப்பிடவே மாட்டார்கள்.

"என்னடா, உங்க அண்ணிக்கு ரிட்டயர்மென்ட் ஆர்டரா?" என்றான் புருஷன், சமையலறை வாசலிலிருந்து. "அவளை வீட்டுல உக்கார வெச்சா என் பாடுதான்டா திண்டாட்டம்!"

"வாயை மூடிட்டு துண்டைக் குடுங்க."

பழைய வேலைச் சட்டை சொட்டச் சொட்ட, தொட்டியிலிருந்து இறங்கித் தாழ்வாரத்து மேல்தளத்தின் கீழே நின்றாள். கையைத் தூக்கினாள். போன மாதம் மோவாயோடு நின்ற கை அது. கண்ணைத் தாண்டியது. நெற்றிக்கு நேரே வந்ததும் தோளில் ஒரு நரம்பு இழுத்தது போல வலி, பல்லைக் கடித்தாள். நெற்றியையும் தாண்டியது. அதோடு நின்றுவிட்டது. விரல் நுனிக்கும் தளத்துக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம்.

கொழுந்தன் தரையைப் பார்த்தான்.

"பரவால்ல அண்ணி, அடுத்த மாசம்..."

"தரையில என்னத்தைத் தேடற? மேல பாரு. எவ்வளவு குறையுது?"

"முக்கால் அடி இருக்கும்."

"நாளைக்கு சாரத்தை எப்பவும் கட்டறதவிட ஒரு அடி உசத்திக் கட்டு."

"அவ்வளவு உசத்தினா எனக்கு மண்டை இடிக்குமே அண்ணி!"

"நீ எதுக்கு மேல வர்ற? கீழ நின்னு கலரைப் பாத்துச் சொல்லு, போதும்."

புருஷன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவள் கையை இறக்கவில்லை. நனைந்த சட்டைக்கையிலிருந்து ஆவி எழுந்து, விரல்களைக் கடந்து, எட்டாத அந்த முக்கால் அடியையும் தாண்டி, சிமெண்டுத் தளத்தில் பொடிப்பொடித் துளிகளாக ஒட்டிக்கொண்டிருந்தது.