இரண்டு ஸ்பூன் பாதாம் பொடி

வருடக் கடைசி விடுமுறைக்கு வீட்டில் பிஸ்கட் மாற்றிக்கொள்ளும் விருந்து வைக்கப்போவதாக மருந்துக்கடைக்காரி சொன்னபோது, என் தம்பி வீட்டையும் கூப்பிடுகிறாயா என்று கணவர் இரண்டு முறை கேட்டார். கூப்பிடத்தான் போகிறேன், எனக்கென்ன பயம் என்றாள்.

ஆளுக்கு முப்பது பிஸ்கட் சுட்டு வர வேண்டும். எல்லார் தட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, முப்பதாகவே கொண்டுபோக வேண்டும். போன வருடம் மாமியார் வீட்டில் இதே விருந்து நடந்தபோதுதான் கொழுந்தனின் ஒன்பது வயது மகள் உதடு வீங்கி, மூச்சுத் திணறி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுக்குப் பாதாம் ஆகாது. பெரியம்மா கொடுத்ததைத் தவிர எதையும் தொடவில்லை என்று அழுதாள் பிள்ளை. என்னுடையது வெறும் மாவும் வெண்ணெயும், கண்டதையும் தின்றுவிட்டுப் பழியை என் தலையில் கட்டுகிறாள் என்று மருந்துக்கடைக்காரி அடித்துச் சொன்னாள். நாள் முழுக்க மருந்துச் சீட்டு படிக்கிறவள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்? ஆளாளுக்குப் பிள்ளையைத் திட்டினார்கள். அண்ணனும் தம்பியும் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள்.

உண்மையில் இரண்டு ஸ்பூன் பாதாம் பொடி போட்டிருந்தாள். பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் ஓரகத்தியின் பகட்டுதான் அந்த அலர்ஜி, துளிப் பொடி என்ன செய்துவிடும் என்று நினைத்தாள். கடைக்கு வருகிறவர்களிடம் துளி பட்டாலும் ஆபத்து என்று சொல்கிறவளும் அவள்தான்.

ஓரகத்தி தனியாக வந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அதிர்ந்து பேசிப் பழக்கமில்லை. ஒவ்வொரு தட்டின் முன்னும் நின்று, இதில் என்ன போட்டீர்கள் என்று கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டு, நான்கு நான்காக எடுத்தாள். மருந்துக்கடைக்காரியின் தட்டை மட்டும் கேட்காமலே கடந்தாள். மாமியாரும் பக்கத்து வீட்டுத் தையல்காரியும் பார்க்காததுபோல் பார்த்தார்கள்.

"என்கிட்ட மட்டும் கேக்கலியே?"

"கேட்டா உண்மை வருமாக்கா?"

மருந்துக்கடைக்காரிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. கூப்பிட்டு உட்காரவைத்தால் நடுவீட்டில் காறித் துப்புகிறாளே. "ரெண்டு ஸ்பூன் பொடிக்கு ஒரு வருஷமா ஊர கூட்டிக்கிட்டிருக்க," என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது.

"எந்த ரெண்டு ஸ்பூன்?" என்றார் கணவர்.

மாமியார் தன் டப்பாவைத் திறந்து, மூத்த மருமகளின் பிஸ்கட் நான்கையும் பொறுக்கி எடுத்துத் தட்டில் திரும்ப வைத்தார். தையல்காரியும் வைத்தாள். கணவர், இவளுக்காகக் கூடப்பிறந்தவனைப் பகைத்துக்கொண்டவர், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

"அன்னிலேர்ந்து எம்பொண்ணு வெளியில எங்கயும் வாயே திறக்கிறதில்ல," என்றாள் ஓரகத்தி. "தெரியாம வேற எதையோ தின்னுட்டோம்னு அவளே நம்ப ஆரம்பிச்சிட்டா. நீங்க வந்து சொல்லுங்க."

"நாளைக்கு வரேன்."

"இப்ப வாங்க."

ஓரகத்தியின் காரில் போனார்கள். பயிற்சிக் கார் என்பதால் மருந்துக்கடைக்காரியின் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. அதில் கால் படாமல் முழங்காலை மடக்கியே உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளைதான் கதவைத் திறந்தாள். பெரியம்மாவைக் கண்டதும் ஓரடி பின்னால் போனாள். மருந்துக்கடைக்காரி வாசலில் நின்றபடியே, பாதாம் போட்டது நான்தான், பொய் சொன்னதும் நான்தான் என்றாள். மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினாள், நாக்கு ஒத்துழைக்கவில்லை.

பிள்ளை அவளைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள். "அப்ப நான் பொய் சொல்லலதானம்மா?"

"இல்லடா."

"பாட்டிகிட்டயும் சொல்லணும்," என்றாள் பிள்ளை.

"பாட்டிக்குத் தெரிஞ்சிடுச்சு."

பிள்ளை உள்ளே போனாள். ஓரகத்தியும் போய்க் கதவைச் சாத்தினாள். உட்காருங்கள் என்றோ, கொண்டுபோய் விடுகிறேன் என்றோ சொல்லவில்லை. பர்ஸையும் போனையும் வீட்டிலேயே விட்டு வந்திருந்தாள் மருந்துக்கடைக்காரி. நாலு கிலோமீட்டர் நடந்துதான் போக வேண்டும். நடந்தாள். வீட்டில் கணவர் இருப்பாரா என்று தெரியவில்லை.