வெறும் கண்ணாடி

நம்பிக் கெட்டவள் கதையை எங்கே ஆரம்பித்தால் என்ன? ரேடியோவில் ஆரம்பிப்போம்.

அல்மாட்டி நகரத்துச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தையல் கூடத்தில் எல்லோரும் கிர்கிஸ் பெண்கள், பிழைக்க எல்லை தாண்டி வந்தவர்கள். அன்று மத்தியானம் சலீமா மெஷினை நிறுத்திவிட்டுக் கைபேசியைச் சத்தமாக வைத்தாள்.

"ஏ, கொஞ்சம் வாயை மூடுங்கடி. நம்ம மேரிமோட நிகழ்ச்சி ஊர் ரேடியோவுல வருது. நாம பேசினதை நடிகை ஒருத்தி பேசுறாளாம். நம்ம மூஞ்சிக்கு நடிகை கேக்குது பாரு."

மேரிம் கிர்கிஸ் தலைநகர் பிஷ்கேக்கில் படித்தவள். குடியேறிய தாய்மாரையும் அவர்கள் பிள்ளைகளையும் பற்றி ஆய்வு செய்து ரேடியோ நிகழ்ச்சியாக்க வந்தாள். கேள்வியை நீட்டிப் பதிலைப் பிடுங்கிக்கொண்டு போகிற ஆள் நானில்லை என்று அவளே சொன்னாள். "நீங்களும் ஆய்வாளர்தான்க்கா, பிள்ளைங்களும்தான்" என்றாள். குளிர்காலம் முழுக்க வந்து போனாள். பிசைந்த மாவைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, மனசில் உள்ளதைச் செய்யச் சொல்லித் தனியாக உட்கார்ந்து பேசினாள். பெண்களோடு சேர்ந்து பூர்சோக் என்கிற மாவுப் பலகாரம் பொரித்தாள், அழுதவளோடு அழுதாள். அந்தக் கூடத்தில் தைக்கிற அனார்குல் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கொட்டாமல் என்ன செய்வாள்? கல்யாணமான நாளிலிருந்து 'உனக்கு எப்படி இருக்கு' என்று ஒரு நாதி அவளைக் கேட்டதில்லை.

ரேடியோவில் நடிகை நிதானமாகச் சொன்னாள்: "என் தலைப்பிள்ளையை நாற்பதாம் நாள் புருஷனோட அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தோம். அவங்களுக்குப் பிள்ளை இல்ல. தேன்கை அக்கா கையை நீட்டினாங்க. நான் கொடுத்தேன். என் பிள்ளை என்னைச் சித்தின்னு கூப்பிடுது."

அனார்குல் கையிலிருந்த துணி நழுவியது.

"பயப்படாதடி. பேரெல்லாம் மாத்திட்டாங்க, ஊர் பேர்கூட இல்ல" என்றாள் சலீமா.

பேர்களை மாற்றியிருந்தது உண்மைதான். ஆனால் எங்கள் வழக்கம் ஒன்று இருக்கிறதே. புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஒவ்வொருவருக்கும் அவளே ஒரு பேர் வைப்பாள். அது அந்த வீட்டையும் அக்கம்பக்கத்தையும் தாண்டாது. கல்யாணத்தன்று தேனும் வெண்ணெயும் ஊட்டிவிட்ட மூத்தாருடைய மனைவிக்கு அனார்குல் வைத்த பேர் 'தேன்கை அக்கா'. இந்த உலகத்தில் வேறொருத்திக்கு அந்தப் பேர் கிடையாது. பட்டணத்துப் பெண் மேரிம் அதை ஏதோ புனைபேர் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டாள்.

நடிகை நிறுத்தவில்லை. "பிள்ளைக்குக் கண்ணு மங்குது, வைத்தியம் பாக்கணும்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். கண்ணுல ஒரு குறையும் இல்ல. போட்டிருக்கறது வெறும் கண்ணாடி. இனிமே திருப்பி அனுப்ப மாட்டேன்."

போயிற்று. ஊரில் அந்த நேரத்துக்கு அடுப்படிக்கு அடுப்படி ரேடியோ ஓடும். அந்தப் பிள்ளை பெகிமாயின் பிறப்புச் சான்றிதழில் தாய் என்று இருப்பது தேன்கை அக்கா என்கிற அந்த மூத்தவள் பேர். அவள் வந்து கேட்டால் இல்லை என்று சொல்ல அனார்குலுக்கு ஒரு பிடிமானமும் கிடையாது.

மேரிமைக் கைபேசியில் பிடித்தாள்.

"வெளியில விடுறதுக்கு முன்னாடி எங்களுக்குப் போட்டுக் காட்டுறேன்னு சொன்னியேம்மா."

"சொன்னேன்க்கா. கெடு நெருங்கிடுச்சு, வர முடியல. பேரெல்லாம் மாத்தியாச்சே?"

"தேன்கை அக்கா?"

"அது நீங்க சும்மா வச்ச பேரில்லையா?"

"உங்க அம்மாவும் ஒரு வீட்டுக்கு மருமகதானே. அவங்களைக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பாங்க."

மேரிம் மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய, கஞ்சி காய்ச்சிக் குடிக்கவா?

"சரி விடு. பெகிமாய் உன்கிட்ட என்ன பேசினா? அதையாவது சொல்லு."

"அது முடியாதுக்கா. பிள்ளை சொன்னது பிள்ளைக்குச் சொந்தம். எங்க விதி அப்படி."

"அப்ப நான் சொன்னது யாருக்குச் சொந்தம்?"

பதிலுக்குக் காத்திராமல் அனார்குல் கைபேசியை அணைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் மூத்தவள் தையல் கூடத்துக்கே வந்துவிட்டாள். மலையிலிருந்து வண்டி மாறி மாறி, எல்லையில் வரிசையில் நின்று வந்திருக்கிறாள். மயிரைப் பிடித்து இழுக்கப் போகிறாள் என்று சலீமா கத்தரிக்கோலையெல்லாம் எடுத்து ஒளித்தாள். வந்தவளோ முக்காலியில் உட்கார்ந்து தலைத்துணி முடிச்சைத் தளர்த்திக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ஆசையா வச்ச பேரு. அதை ஊரே கேட்டுச் சிரிக்குது" என்றாள்.

"அக்கா..."

"தொழுகைக்குத் தொழுகை அழுதேன்டி. என் கண்ணை எடுத்துக்கிட்டு அவளுக்குக் கொடுன்னு கேட்டேன். நீ இங்க உக்காந்து கண்ணாடியை மாட்டிவிட்டுப் போட்டோ அனுப்பியிருக்க."

"பெத்த வயிறுக்கா. நேரா கேட்டிருந்தா கொடுத்திருப்பீங்களா?"

"கொடுத்திருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். ஆனா உன்னை நம்பியிருப்பேன்."

பெகிமாய் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை. 'அம்மா' என்று மூத்தவளிடம் ஓடுவாள் என்று அனார்குல் பயந்தாள். அவள் ஓடவில்லை. நேராக அனார்குலிடம் வந்தாள்.

"சித்தி, எனக்குக் கண்ணு போகாதா?"

"போகாதும்மா. உனக்கு ஒண்ணுமே இல்ல."

"நான் கண்ணை மூடிக்கிட்டு நடந்து பழகினேனே." பிள்ளை விரல்களை விரித்துக் காட்டினாள். "மாவுல அம்மா முகமும் உங்க முகமும் செஞ்சு தடவித் தடவிப் பாத்தேன். கண்ணு போனப்புறம் யாரு எவங்கன்னு எனக்குத் தெரியணுமில்ல. மேரிம் அக்காகிட்ட மட்டும் சொன்னேன்."

அனார்குலின் கோபம் மேரிம் மேல் திரும்பியது. தாய் சொன்னதையும் பிள்ளை சொன்னதையும் சேர்த்துக் கேட்ட ஒரே ஆள் அந்த மேரிம். கண்ணில் குறையில்லை என்று தெரியும், பிள்ளை குருடாகப் போகிறோம் என்று செத்துப் பிழைப்பதும் தெரியும். தெரிந்துகொண்டு விதி என்று வாயைக் கட்டிக்கொண்டாளே, பாவி. மனசார வைதாள். வைய வைய, கண்ணாடியைக் கடையில் வாங்கி அந்தக் காதில் மாட்டியது யார் கை என்பதும் கூடவே நினைவுக்கு வந்து தொலைத்தது.

"மேரிம் அக்காவுக்கும் தெரியுமா, எனக்குக் கண்ணு நல்லா இருக்குன்னு?"

"தெரியும்."

"சலீமா அக்காவுக்கு?"

சலீமா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது" என்றாள் பெகிமாய். கண்ணாடியைக் கழற்றி மெஷின் மேல் வைத்தாள்.

மூத்தவள் கையை நீட்டினாள். இந்தத் தடவை அனார்குல் கொடுக்கவில்லை. பிள்ளை தானாகவே மூத்தவளிடம் போனாள்.